மருமகளிடம் காட்டாத பல்

சித்த நகந்து உக்காரு கண்ணு. அந்தக் கட்டப்பையக் குடு, என்ற மடில வெச்சுக்கறன். கோபிக்குத்தான? நானும் அங்கதான், கச்சேரிமேட்டுல எறங்கோணும். உனக்கு ஒரு தொந்தரவும் பண்ண மாட்டன், பேசாம வருவன். ஈரோட்டுல பல்லுப் புடுங்கிட்டு வர்றன். பஞ்சை வெச்சுக் கடிச்சுக்கச் சொல்லி, ஒரு மணி நேரத்துக்கு வாயையே தொறக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கறாரு டாக்டர். எச்சையத் துப்பக் கூடாது, கொப்புளிக்கக் கூடாது, சூடா எதும் குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. எனக்கென்ன தெரியாதா? அதனால ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாயை மூடிக்கறன்.

கச்சேரிமேட்டுல டாக்டர் இந்துமதின்னு பல்லு டாக்டர் இருக்கறாளே, தெரியுமா? பச்சைக் கதவு வெச்ச ஊடு, முன்னால கண்ணாடி ரூம்பு. ஆமா, அவளேதான். அவ என்ற மருமவ.

என்ன சிரிக்கற? ஊட்டுக்குள்ளயே பல்லு டாக்டரை வெச்சுக்கிட்டு, இந்தப் பொம்பள பஸ் ஏறிப் போயி வேற ஊர்ல புடுங்கிட்டு வர்றாளேன்னுதான? சிரி, சிரி. ஆனா அவளுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. பெரிய மாரியம்மன் கோயலுக்குப் போறன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறன். பாரு, பையில பூவும் குங்குமமும் கூட வாங்கி வெச்சிருக்கறன். எறங்கறதுக்கு முன்னால பஞ்சைத் தூக்கி வீசிப்போட்டு, மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, நேரா உள்ள போயிப் படுத்துக்குவன். தெரிஞ்சுதுன்னா அப்புறம் அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பன்?

பகையெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. நல்ல புள்ளைதான். என்ற பையன் தரணிதரன் பேங்க்குல இருக்கறான், அவன் கட்டிக்கிட்டு வந்தவ. தை மாசம் பொறந்ததும் முன் ரூம்பை ஆஸ்பத்திரியா மாத்தோணும்னாங்க. என்ற ஊட்டுக்காரர் படம் மாட்டியிருந்த ரூம்பு. நாந்தான் படத்தைக் கழட்டி உள்ள கொண்டுபோயி மாட்டிப்போட்டு, எடுத்துக்கங்க சாமின்னன். மனசாரத்தான் குடுத்தன். அது மட்டுமா, அவளுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு, வர்றவங்க உக்கார்ற எடத்துல நானும் ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவன். பல்லு வலின்னு வர்றவங்க பாவம், கன்னத்தைப் புடிச்சுக்கிட்டுத் தலை குனிஞ்சு உக்காந்திருப்பாங்க. நாலு நல்ல வார்த்தை சொல்ல ஆளு வேண்டாமா?

நான் சொல்லுவன். கிராம்பை நசுக்கி வையுங்க, கொய்யா எலையக் கொதிக்க வெச்சுக் கொப்புளிங்க, உப்புத் தண்ணி ஊத்துங்க, எதுக்கு மெஷின்கிட்ட வாயைக் குடுக்கறீங்கன்னு எடுத்துச் சொல்லுவன். நெம்பப் பேரு எந்திரிச்சுக் கும்புட்டுப்போட்டுப் போயிருவாங்க. எத்தன பேருக்கு வேதனை மிச்சமாச்சுன்னு எனக்கு ஒரே சந்தோசம். அவ கதவைத் தொறந்து பாப்பா, ஆளு இருக்காது. என்னங்கத்தை, இப்ப இங்க ஒருத்தர் உக்காந்திருந்தாரேன்னு கேப்பா. அவருக்குச் சரியாப்போச்சு சாமின்னு சொல்லுவன்.

அவகிட்ட ஒரு கொறை கண்ணு. டாக்டர்னா, இதைப் பண்ணு, அதைப் பண்ணாதன்னு கண்டிசனாச் சொல்லோணுமல்ல? இவ என்னடான்னா, உக்கார வெச்சு, படம் போட்டுக் காட்டி, இந்தப் பல்லை அடைச்சும் பாக்கலாமுங்க, வேர்ல மருந்து வெச்சு மேல தொப்பி மாட்டலாமுங்க, இல்ல எடுத்துப்போட்டு பக்கத்துப் பல்லோட சேத்து ஒண்ணு கட்டலாமுங்க, கழட்டி மாட்டற செட்டும் இருக்குதுங்க, இதுல இது நல்லது, இதுல இது சிரமம், உங்களுக்கு எது தோதுன்னு நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கன்னு நிப்பா. ஓட்டல்ல சர்வர் நிப்பானே, இட்லி தோசை பொங்கல்னு, அதேதான். படிச்சவளுக்கே தெரியலைன்னா வலில துடிக்கறவனுக்கு என்ன தெரியும்? நாஞ் சொல்லிக்கூடக் குடுத்தன், கொஞ்சம் மெரட்டிப் பேசு சாமி, அப்பத்தான் மதிப்பாங்கன்னு. சிரிச்சுக்கிட்டே போயிட்டா.

இப்படி இருக்கறப்பத்தான் நஞ்சப்பன் வாத்தியார் வந்தாரு. மேல் கடவாய்ப் பல்லு. சீழ் கோத்திருக்குது, இன்னைக்கே எடுத்தரோணும்னு அவ சொல்லிப்போட்டு, ஊசி எடுக்க உள்ள போனா. மனுசன் வெளிய வந்து என்கிட்ட யோசனை கேட்டாரு. அவரா கேட்டாரு கண்ணு, நானாச் சொல்லல. மேல் பல்லுன்னா கண்ணு நரம்போட சேந்ததுங்க, புடுங்குனா பார்வை மங்கிரும், வேண்டாம் வாத்தியாரே, போயி வெங்காயத்தைச் சுட்டு ஒத்தடம் குடுங்கன்னன். உலகத்துக்கே தெரிஞ்ச விசயம்தான? அவரும் போயிட்டாரு. ரெண்டு நா கழிச்சு மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண்ணே மூடிப்போச்சு. பாத்தியா? நாஞ் சொன்னது சரியாப்போச்சல்ல? தொடாததுக்கே கண்ணு மூடிக்கிச்சே, தொட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அதுக்கு அவ எனக்கு நன்றி சொல்லோணுமல்ல? வாத்தியாரை அவ கார்லயே தூக்கிப் போட்டுக்கிட்டுக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அவரு பொழச்சு வந்துட்டாரு, மாரியாத்தா புண்ணியம். மறுநா காத்தால பாத்தா என்ற நாற்காலி அங்க இல்ல. உள்ள டிவி முன்னால கெடக்குது. அத்தை, உங்களுக்கு முட்டி வலி, வெளிய காத்து, நீங்க இங்கயே உக்காந்து பாருங்கன்னா. குரலை ஒசத்தல, மொகத்தைச் சுளிக்கல. எனக்குத்தான் மனசு விட்டுப்போச்சு. என்ற ஊட்டுல என்ற நாற்காலி கண்ணு.

சித்தோடு வந்துருச்சா? என்ன வேகமாப் போறான். இரு, பஞ்சை இந்தப் பக்கம் தள்ளிக்கறன்.

அதுவாவது போகுது. என்ற நாத்தனா ஊட்டு ஒறம்பரையெல்லாம் வந்திருந்தாங்க, காதுகுத்துக்குச் சொல்றதுக்கு. பலகாரம் எடுத்து வெச்சிருக்குது. நானும் ஒரு கம்பு உருண்டையக் கடிச்சன். கடிச்சதும் இந்த எடப்பக்கம் சுருக்குனுது. கொஞ்சமா மொகம் கோணியிருக்கும்னு வெச்சுக்க. அவ பாத்துப்போட்டா. அத்தை, உங்க ஈறு வீங்கியிருக்குதுங்க, சக்கரை இருக்கறவங்களுக்கு அப்படி ஆகும், ஒரு தடவை சுத்தம் பண்ணி மருந்து வெச்சா பல்லைக் காப்பாத்திரலாம், விட்டுட்டா ஆடிப்போயிரும்னு சொல்றா. ஒறம்பரை முன்னால! என்ற வாயைச் சுத்தம் பண்ணோணுமாமா! நான் என்ன பல்லு வெளக்காதவளா? காத்தால எந்திரிச்சதும் பல்லு வெளக்காம பச்சைத் தண்ணி பல்லுல படாது எனக்கு. நாத்தனா ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குது.

அப்பறம் சுத்தம் பண்ணா பல்லு ஆடும் கண்ணு. செவுத்துல காரை மாதிரி அந்தக் கறைதான் பல்லை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்குது. அதைச் சொரண்டி எடுத்துப்போட்டா என்னத்துல நிக்கும்? இதைச் சொன்னன். அதெல்லாம் இல்லீங்கத்தை, கறைதான் ஈறை அரிக்குதுன்னு வெளக்கமாச் சொல்ல வந்தா. எனக்கு வேலை இருக்குதுன்னு எந்திரிச்சுப் போயிட்டன்.

அன்னைலருந்து பாரு, எனக்குன்னு தட்டுல வர்றதெல்லாம் கொழகொழன்னு. எல்லாருக்கும் உதிரி உதிரியாச் சோறு, எனக்கு மட்டும் கொழஞ்ச சோறு. ஆப்பிளைத் தோலைச் சீவி, சீட்டுக்கட்டாட்டம் மெல்லீசா நறுக்கி வெப்பா. கொழம்புல முருங்கக்காயக்கூட வழிச்சு எடுத்துப்போட்டுத்தான் எனக்கு. தீவாளி நோம்பிக்கு முறுக்கு சுட்டா, எனக்கு மட்டும் ரவா உருண்டை. கெழவின்னு முடிவு பண்ணிப்போட்டா. என்ற பையன்கிட்டச் சொன்னன், உம்பட பொண்டாட்டி எனக்கு முறுக்குக் குடுக்கறதில்லைன்னு. அவனும் சிரிக்கறான்.

வலி? வலி இருந்துதுதான். ராத்திரில தூக்கம் கெடையாது. தலகாணில கன்னத்தை அமுக்கிக்கிட்டுப் படுத்திருப்பன். பக்கத்து ரூம்புலதான் டாக்டர் தூங்கறா. கதவைத் தட்டுனா எந்திரிச்சு வருவா, அது எனக்குத் தெரியாம இல்ல.

ஆனா எப்படிக் கண்ணு? நீ கல்யாணம் ஆனவளா? அப்ப உனக்குப் புரியும். அந்த நாற்காலி இருக்குதே, படுக்க வெச்சு, மேல லைட்டைப் போட்டு, வாய்க்குள்ள குழாயை வுட்டுருவாங்க. அப்பறம் பேச முடியாது. அவ பேசுவா, நான் கேட்டுக்கிட்டுக் கெடக்கோணும். எனக்குன்னு என்ன இருக்குது சொல்லு? ஊடு பையன் பேர்ல. சமையல்கட்டு அவ கைல. முன் ரூம்பும் போச்சு. இந்த வாய் ஒண்ணுதான் என்ற இஷ்டத்துக்கு இருக்குது. அதையும் போயி அவகிட்டத் தொறந்து குடுக்கறதா?

இன்னொண்ணும் இருக்குது. உன்கிட்டச் சொல்றதுக்கென்ன, நீ எறங்கிப் போயிருவ. கொஞ்ச நாளா வாய் நாத்தம் அடிக்குது கண்ணு. எனக்கே தெரியுது. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்ன வாயி. அவ கிட்ட வந்து குனிஞ்சு பாத்து, மூஞ்சிய ஒரு நொடி திருப்பிக்கிட்டான்னா, நான் செத்தே போயிருவன். அதனாலதான் நேத்து முடிவு பண்ணன், அவ கண்ணுல படாத ஊர்ல, பேர் தெரியாத டாக்டர்கிட்டப் போயி எடுத்துப்போட்டு வந்தர்றதுன்னு.

அவருதான் டாக்டர்! போனதும் வாயைத் தொறங்கன்னாரு, ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தாரு, எடுத்தரலாம்னாரு. படமும் இல்ல, பாடமும் இல்ல. வேற வழி எதும் இருக்குதுங்களான்னு சும்மா கேட்டன். எதுக்கும்மா, இந்த வயசுலன்னாரு. அவ்வளவுதான், ஊசியப் போட்டாரு, எடுத்துப்போட்டாரு. எடுத்ததைக் காயிதத்துல மடிச்சுக் குடுன்னு நர்ஸ் புள்ளைகிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தன். பாக்கறயா? இங்க பாரு. கொப்பரைத் துண்டாட்டம் எப்படி இருக்குது. ஓட்டையா? ஓட்டை எங்க இருக்குது, நீதான் காட்டேன். சொத்தைன்னு ஒரு புள்ளி கெடையாது. வேரும் கெட்டியாத்தான் இருக்குது. கைல வெச்சுப் பாத்தா மனசுக்குக் கொஞ்சம் சங்கட்டமாத்தான் இருக்குது. சரி, போனது போச்சு, மடிச்சு வெச்சர்றன்.

என்ன கண்ணு? எங்க? மாராப்புலயா? அட ஆமா, ரத்தம். பஞ்சு நனைஞ்சிருக்கும். அதெல்லாம் கொஞ்சம் வரும்னுதான் சொன்னாரு. கர்ச்சீப்பு இருக்குதா, குடு. அடக் கடவுளே, இதும் செவந்துருச்சே. கவுந்தப்பாடி தாண்டிட்டமா? இந்நேரம் ரத்தம் நின்னிருக்கோணுமே. நான் நெம்பப் பேசிட்டனா?

மாத்திரையா? சாப்புடறனே. சக்கரைக்கு ஒண்ணு, பிரசருக்கு ஒண்ணு, அப்பறம் ரெண்டு வருசம் முன்னால நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட்டுன்னு வலைக்கம்பி வெச்சாங்க, அதுக்கு ரத்தம் உறையாம இருக்கறதுக்குன்னு ஒண்ணு. ஆமா, அந்த மாத்திரைதான். தெனமும் காத்தால இந்துதான் எடுத்துக் குடுப்பா. இன்னைக்கும் குடுத்தா.

டாக்டர்கிட்டச் சொன்னனாவா? அந்த நர்ஸ் புள்ளை கேட்டுது கண்ணு. நெஞ்சு வலி இருக்குதா, மாத்திரை எதாச்சும் சாப்புடறீங்களான்னு. இல்லைன்னுட்டன். எப்படிச் சொல்ல முடியும்? அங்க நான் துளசிமணின்னு பேரே குடுக்கலயே. பல்லு டாக்டருங்களுக்குள்ள பேசிக்குவாங்களோ என்னமோன்னு பயந்துக்கிட்டு, வாயில வந்த பேரைச் சொல்லிப்போட்டன். ராஜேஸ்வரின்னு. அது எங்க சம்பந்தி பேரு, இந்துவைப் பெத்தவ. அவளுக்குச் சக்கரையும் கெடையாது, நெஞ்சு வலியும் கெடையாது, கல்லாட்டம் இருப்பா. அவ பேரைக் குடுத்துப்போட்டு என்ற சீக்கைப் பூராச் சொன்னா நல்லாவா இருக்கும்? அவளை விட நான் தாழ்ந்துபோன மாதிரி ஆயிராதா? ஒரு சீக்கும் இல்ல, நான் நல்லா இருக்கறன்னு பெருமையாச் சொல்லிப்போட்டன்.

தலை சுத்துது கண்ணு. என்ற கையப் புடிச்சுக்க. எனக்குப் பயமா இருக்குது.

ஃபோனா? யாருக்கு? வேண்டாம் சாமி, வேண்டாம், உன்னக் கும்புட்டுக்கறன். இந்தா என்ற ஃபோனு, என்ற பையனுக்குப் பண்ணு. எடுக்க மாட்டீங்கறானா, மீட்டிங்குல இருப்பான். வேற யாருமா? சரி, பண்ணு, என்னமோ பண்ணு. இந்து பாப்பான்னு இருக்கும் பாரு. நாந்தான் அப்படிப் போடச் சொன்னன். கல்யாணமான புதுசுல.

என்ன சொல்றா? மெதுவாப் பேசு. வாயிலருந்து கையை எடுக்காம, துணியச் சுருட்டி அந்தக் குழிமேல வெச்சு அழுத்திக் கடிக்கோணுமா? கடிக்கறன். நிமுந்து உக்காரோணுமா? துப்பக் கூடாது, தெரியும். எந்தப் பல்லுன்னு கேட்டாளா? சொல்லு, கீழ, எடப்பக்கம், கடைசிக்கு முந்துனது. என்னது, நீ சொல்றதுக்கு முன்னாலயே அவளே சொல்லிப்போட்டாளா? அவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் வாயைத் தொறந்து காட்டலையே! வலப்பக்கமே மெல்றன்னு பாத்திருக்கறாளா? எத்தன நாளா? பாத்தியா கண்ணு, தட்டுல என்ன வெக்கறது, நான் எதைத் தள்ளி வெக்கறன்னு தெனமும் வேவு பாத்திருக்கறா. ஒரு மாமியா நிம்மதியாச் சோறு திங்க முடியுதா?

வேற என்ன சொன்னா? திட்டுனாளா? மறைக்காமச் சொல்லு, நான் தாங்கிக்குவன். அழுதாளா? அவ எதுக்கு அழுகறா? பல்லுப் போனது எனக்குத்தான?

வந்துருச்சு, கச்சேரிமேடு. ஏனுங் கண்டக்டர், சித்த நிறுத்துங்க, நான் மெதுவாத்தான் எறங்கோணும். கண்ணு, நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகோணுமல்ல, போ. கூட வர்றயா? சரி, வா. வந்து நீயே சொல்லிரு, அவங்களா வரல, நாந்தான் கூட்டியாந்தன்னு. ஐயோ, ரோட்டுலயே நிக்கறா பாரு. ஒரு கைல உறை மாட்டியிருக்குது, இன்னொரு கைல இல்ல. செருப்பும் போடல. எவனையோ நாற்காலில படுக்க வெச்சுப்போட்டு ஓடியாந்திருக்கறா, அவன் மேல பாத்துக்கிட்டுக் கெடப்பான். இப்படியிருந்தா தொழில் எப்படி உருப்படும்?

ஒண்ணுமில்ல சாமி, கோயல்ல கூட்டம், அதான்... சரி, பேசல. புடிச்சுக்கிட்டன், நடக்கறன். உள்ள போயிரலாம் இந்து, இங்க வேண்டாம். ஆட்டோக்காரனெல்லாம் பாக்கறான். பேக்கரில டீ குடிக்கறவனெல்லாம் எந்திரிச்சுட்டான். ரத்தத்தை இப்பவே பாக்கோணுமா? இங்கயேவா? நிக்கட்டும், ஊரே வேணா நிக்கட்டும், அதுக்கில்ல. இந்து, வாயி நாத்தமடிக்கும் சாமி, மூக்கை மூடிக்க. எதுக்கு இப்படி அழுகற, அழுகாத. இதோ, தொறக்கறன். ஆ...